பூ பூக்கிறது, காய் நிற்கவில்லை: பங்குனி வெயிலில் வீட்டுத் தக்காளி

வளவுக்காரி (கோட்டையூர்)

வணக்கம். தை மாதம் நாற்று வாங்கி வைத்த தக்காளி இப்போது என் இடுப்பு உயரம் நிற்கிறது. இலை கருகருவென்று இருக்கிறது. பூவும் கொத்துக்கொத்தாக வைக்கிறது. ஆனால் காயாக மாறுவதில்லை. பூ விரிந்து மூன்று நான்கு நாளில் காம்பு மஞ்சளாகிறது. காம்பின் நடுவில் சின்னதாக ஒரு முட்டி இருக்கிறதே, சரியாக அந்த இடத்தில் கழன்று விழுந்துவிடுகிறது. காலையில் வளவு, அதாவது வீட்டு உள்முற்றம், பெருக்கினால் ஆத்தங்குடித் தரைக்கல் மேலெல்லாம் மஞ்சள் பூ.

மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். வளவில் சில குரோ பேக், மொட்டை மாடியில் சில பை, பின்னால் கிணற்றடியில் தரையிலேயே இரண்டு செடி. கிணற்றடிச் செடியில் மட்டும் கொஞ்சம் காய் நின்றிருக்கிறது. மற்ற இரண்டு இடத்திலும் பேருக்குக்கூட ஒன்று இல்லை.

நடும்போது ஆட்டுப்புழுக்கை போட்டேன். வாரம் தவறாமல் கடலைப்புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஊற்றுகிறேன். தண்ணீர் போர் தண்ணீர்தான். மாமியார், கண் பட்டுவிட்டது, பழைய செருப்பை எடுத்துக் கட்டு என்கிறார்கள். அதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

மாடிவாசி (காரைக்குடி)

போரான் என்கிற நுண்ணூட்டச் சத்தின் குறைபாடு. வேறொன்றுமில்லை. போராக்ஸ் லிட்டருக்கு 1 கிராம் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பதினைந்து நாள் விட்டு இன்னொரு தடவை. கூடுதலாகப் போட்டால் இலை ஓரம் கருகிவிடும், கவனம்.

கரைசல்காரர் (புதுவயல்)

கடைச் சரக்கு எதுவும் வேண்டாம் சகோதரி. தேமோர் கரைசல் அடியுங்கள். தேங்காய்ப்பாலும் புளித்த மோரும் சம அளவு, மண்பானையில் ஒரு வாரம் ஊறட்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை லிட்டர் போதும். பூ உதிர்வதற்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. எங்கள் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதுதான்.

செம்மண் (தேவகோட்டை)

இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்குப் போவதற்கு முன் கேள்வியை ஒரு தடவை திரும்பப் படியுங்கள். மூன்று இடத்துக்கும் நாற்று ஒன்று, தண்ணீர் ஒன்று, புண்ணாக்கு ஒன்று. கிணற்றடியில் காய் நிற்கிறது, மற்ற இடத்தில் நிற்கவில்லை. அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இடத்தைத்தான். போரான் குறைவு என்றால் கிணற்றடியிலும் அல்லவா உதிர வேண்டும்?

தங்கச்சி, சில விஷயம் சொல்லுங்கள். வளவில் நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? காற்று வருமா? மாடித் தளம் ராத்திரி எவ்வளவு சூடாக இருக்கிறது? அப்புறம், விரிந்த பூ ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்து நன்றாகப் பாருங்கள். நடுவில் மஞ்சள் கூம்பு இருக்கும். அதன் நுனிக்கு வெளியே பச்சையாக ஊசி மாதிரி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா, இல்லை உள்ளேயே அடங்கியிருக்கிறதா? மூன்று இடத்துப் பூவையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

வளவுக்காரி (கோட்டையூர்)

பார்த்தேன் அண்ணே. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மாடிப் பூ எல்லாவற்றிலும் பச்சை ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வளவில் பாதிக்குப் பாதி அப்படி. கிணற்றடிப் பூவில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. இதுவரை இதைக் கவனித்ததே இல்லை!

வளவில் பத்தரை மணிக்கு வெயில் இறங்கும், ஒன்றரைக்குள் ஏறிவிடும். காற்று சுத்தமாகக் கிடையாது. சாம்பிராணி போட்டால் புகை ஆடாமல் அசையாமல் நேராக மேலே போகும். மாடியில் காலை முதல் மாலை வரை வெயில். ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட வெறுங்காலில் நிற்க முடியாது. கிணற்றடியில் காலை வெயில் நன்றாக விழும், இரண்டு மணிக்கு மேல் வேப்ப மர நிழல்.

ரகம் என்ன என்று தெரியவில்லை. சந்தையில் நாற்றுக்காரரிடம் நாட்டுத் தக்காளி என்று கேட்டு வாங்கியது.

செம்மண் (தேவகோட்டை)

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன. மஞ்சள் கூம்பு என்பது மகரந்தப்பைகள் ஒட்டிக்கொண்டு நிற்பது. அதன் உள்பக்கம் மகரந்தம். கூம்புக்குள்ளே இருக்கும் பச்சை ஊசி சூல்தண்டு, அதன் நுனி சூல்முடி. பூ குலுங்கும்போது மகரந்தம் கூம்புக்குள்ளேயே உதிர்ந்து சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தக்காளிக்குப் பக்கத்துச் செடியின் துணைகூட வேண்டாம். ஆனால் சூல்முடி கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிவிட்டால் சொந்த மகரந்தம் அதற்கு எட்டாது. கடும் வெப்பத்தில் இப்படி நீட்டும், வெளிச்சம் போதாவிட்டாலும் நீட்டும். உங்கள் மாடிக்கு முதல் காரணம், வளவுக்கு இரண்டாவது.

மாடியில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பகலில் 32 முதல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் மலடாகிவிடும். பங்குனி, சித்திரையில் நம் பக்கம் பகல் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புகிறோம், தக்காளியைக் கெடுப்பதில் இரவுக்கும் பாதிப் பங்கு உண்டு. தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்குகிறது. பை அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. செடி மூச்சு விடவே முடியாது.

எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மகரந்தம் உருவாவது பூ விரிகிற அன்று இல்லை. அதற்கு ஒன்றரை வாரம் முன்பு, மொட்டு மிளகு அளவுகூட இல்லாத நேரத்தில். அந்த நாட்களில் வெப்பம் தாக்கியிருந்தால் கணக்கு அப்போதே முடிந்துவிட்டது. விரிந்த பூ மேல் நீங்கள் எதைத் தெளித்தாலும் செத்த மகரந்தம் எழுந்து வராது. அடுத்த கொத்துக்கு வேண்டுமானால் ஏதாவது செய்யலாம்.

மாடிவாசி (காரைக்குடி)

அண்ணே, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. போன வருஷம் சித்திரையில் என் மாடியில் காய் நின்றது. அதுவும் கொத்துக்கு ஏழெட்டு. வெப்பம்தான் காரணம் என்றால் அது எப்படி?

செம்மண் (தேவகோட்டை)

என்ன ரகம் தம்பி?

மாடிவாசி (காரைக்குடி)

செர்ரி.

செம்மண் (தேவகோட்டை)

அதானே! செர்ரித் தக்காளி வெப்பத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சின்னக் காய், பூவும் ஏராளம், பாதி உதிர்ந்தாலும் மீதி நிற்கும். பெரிய காய் ரகங்கள் அப்படி இல்லை. நம் பக்கத்துக்கு பி.கே.எம். 1 பழகிய ரகம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து எடுத்தது, வறண்ட பூமிக்கு ஏற்றது. காய் கொஞ்சம் தட்டையாக, காம்புப் பக்கம் பச்சைத் தோளோடு இருக்கும். ஆனால் அதுவும் சித்திரை மாடியில் அதிசயம் செய்துவிடாது.

பள்ளத்தூர் ஆச்சி

நான் படித்துக்கொண்டேதான் இருந்தேன். புண்ணாக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே? கடலைப்புண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய 7 சதவீதம். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் ஒன்று, ஒன்றரை. அதை வாரா வாரம் ஊற்றினால் செடி இலையாகத்தான் போடும். கருகருவென்று இருக்கிறது என்று நீ பெருமையாக எழுதியிருக்கிறாய் பார், அதுவே அடையாளம். நுனி இலை தடித்து உள்பக்கமாகச் சுருண்டு, கொத்தின் நுனியிலிருந்து மறுபடி இலை கிளம்பினால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது என்று வைத்துக்கொள்.

பூ வைக்க ஆரம்பித்ததும் புண்ணாக்கை நிறுத்திவிட வேண்டும். பைக்கு இரண்டு கைப்பிடி மக்கிய மாட்டுச் சாணம் போதும். விறகடுப்புச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டுதான், ஆனால் அதில் சுண்ணாம்பும் உண்டு. போர் தண்ணீர் ஊற்றுகிற பையில் சாம்பலை அள்ளிக் கொட்டாதே. அரிசி களைந்த கழுநீரையும் ஊற்றச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது வெண்டைக்காய் மண்டிக்கே பத்தாது, செடிக்கு எங்கே போவது!

அப்புறம் வளவு. முற்றத்தில் துளசி வரும், கற்பூரவல்லி வரும், வெற்றிலைகூட வரும். தக்காளிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மூன்று மணி நேர வெயிலில் செடி நெடுநெடுவென்று வளரும், காய்க்காது.

வளவுக்காரி (கோட்டையூர்)

ஆச்சி, நுனி இலை சுருண்டிருப்பது உண்மைதான். கொத்து நுனியில் இலை வருவதும் இரண்டு மூன்று செடியில் இருக்கிறது. சத்தான செடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பைகளை வளவிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் வேறு எங்கே வைப்பது? மாடி வேண்டாம் என்கிறீர்கள், முகப்பில் வைத்தால் ஆடு மேய்ந்துவிடும்.

தறிக்காரர் (காரைக்குடி)

கிணற்றடியிலேயே வையுங்கள். காய்த்த இடம் அதுதானே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிணற்றடிச் செடி தரையில் இருக்கிறது, அதன் வேர் எங்கே வேண்டுமானாலும் ஓடும். பைச் செடிக்கு அந்த வசதி இல்லை. பை என்ன அளவு? 12க்கு 12 அங்குலத்துக்குக் குறைந்த பையில் தக்காளி வைத்தால் மதியம் வாடும், தண்ணீர் ஊற்றினால் நிமிரும், மறுநாளும் வாடும். இந்த ஏற்ற இறக்கத்திலேயே பூ கொட்டும். ஒரு பைக்கு ஒரு செடிதான். சிலர் ஆசையில் மூன்று நாற்று நட்டுவிட்டு ஒன்றிலும் காயில்லை என்கிறார்கள்.

மேல் மண்ணைத் தென்னை மஞ்சியாலோ காய்ந்த வேப்பிலையாலோ மூடிவிடுங்கள். செம்மண் மட்டும் போட்டிருந்தால் இறுகிப்போயிருக்கும். கோடையில் வற்றின கண்மாயில் அனுமதியோடு வண்டல் எடுக்கிறவர்கள் இருப்பார்கள், ஒரு சாக்கு கேட்டு வாங்கிக் கலந்து பாருங்கள். ஈரம் பிடித்து வைப்பதில் அதற்கு ஈடு கிடையாது.

கரைசல்காரர் (புதுவயல்)

எல்லோரும் வெப்பம், வெயில் என்று பேசிவிட்டு தேமோரை ஓரங்கட்டிவிட்டீர்கள். இருபது வருஷமாக விவசாயிகள் பயன்படுத்துகிறார்கள். பலன் இல்லாமலா?

செம்மண் (தேவகோட்டை)

பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. தேங்காய்ப்பாலில் செடியின் வளர்ச்சியைத் தூண்டும் பொருட்கள் உண்டு. மார்கழி, தையில் அடித்துப் பாருங்கள், செடி தெளிவாக இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் அடிக்காவிட்டாலும் தக்காளி காய்க்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? பாதிச் செடிக்கு அடித்து, பாதியை விட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பங்குனி மாடியில் மலடான மகரந்தத்துக்கு அது மருந்தில்லை. போரானுக்கும் இதே பதில்தான்.

மாடிவாசி (காரைக்குடி)

சரி, அப்போ பிளானோபிக்ஸ்? மிளகாய்க்கு எல்லோரும் அடிக்கிறார்களே.

செம்மண் (தேவகோட்டை)

அது என்.ஏ.ஏ. என்கிற பயிர் வளர்ச்சி ஊக்கி. காம்பு முட்டியில் கழன்று விழுவதைத் தள்ளிப்போடும். நாலரை லிட்டருக்கு 1 மில்லி கலந்தால் 10 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு வரும், அதற்கு மேல் போகக்கூடாது. கண்ணளவில் ஊற்றிவிட்டு இலை முறுக்கிக்கொண்டது என்று வந்தவர்கள் உண்டு. பூ ஒட்டிக்கொண்டு நிற்பது வேறு, கருத்தரித்துக் காயாவது வேறு. மகரந்தம் சேராத பூவை ஊக்கி பிடித்து வைத்தால் காய் குண்டுமணி அளவில் நின்றுவிடும், இல்லையென்றால் உள்ளே விதையில்லாமல் பொந்தாக இருக்கும். வீட்டுக்கு இருபது செடி வைத்திருப்பவருக்கு இது தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

கோலாலம்பூர் வாசி

பூர்வீகம் கண்டனூர், இப்போது மலேசியா. இங்கே கடையில் வாங்கும் தக்காளி பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருகிறது. ராத்திரி அங்கே போர்வை வேண்டும். கீழே எங்கள் வீட்டில் அதே மாதிரித் தக்காளி விதை போட்டால் இலை மட்டும்தான். உரத்தை மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோய் இப்போது கத்தரி வைத்திருக்கிறேன். அண்ணன் சொல்வது சரி.

பள்ளத்தூர் ஆச்சி

வளவுச் செடி காய்க்காததற்குக் காற்றில்லாததும் ஒரு காரணம், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தக்காளிப் பூவில் தேன் கிடையாது. தேனீ வந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கிற வண்டு வேண்டும். நம் வீட்டு விட்டத்திலும் மூங்கில் கழியிலும் ஓட்டை போடுகிற கருவண்டு இருக்கிறதே, அது செய்யும். கத்தரிப் பூவில் அது உட்காரும்போது கேட்டால் சத்தமே மாறும், ஙொய் என்று ஒரு தனிச் சத்தம். பூவிலிருந்து மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். நாம் என்ன செய்கிறோம்? மரம் அரிக்கிறது என்று ஓட்டையில் தாரை ஊற்றி அடைக்கிறோம். உத்திரத்தைக் காப்பாற்ற வேண்டியதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொல்லையில் ஒரு காய்ந்த முருங்கைக் கட்டையோ மூங்கில் கழியோ போட்டுவைத்தால் அங்கே குடிபோய்விடும்.

வளவுக்குள் கருவண்டும் வராது, காற்றும் வராது. அதனால் கையால் ஆட்ட வேண்டும்.

மாடிவாசி (காரைக்குடி)

பேட்டரி டூத் பிரஷ் வைத்துக் கொத்தின் காம்பில் பின்பக்கமாகத் தொட்டால் போதும் ஆச்சி. பூவைத் தொடக்கூடாது, காம்பை. இரண்டு மூன்று நொடி. பிரஷ் இல்லாவிட்டால் முட்டுக்குச்சியை விரலால் சுண்டலாம். செர்ரிக்கு நான் இப்படித்தான் செய்கிறேன்.

ஒரு சோதனையும் சொல்கிறேன். போன் திரையை அணைத்துக் கறுப்பாக வைத்து, பூவுக்கு அடியில் பிடித்துக்கொண்டு காம்பைச் சுண்டுங்கள். திரையில் வெளிர் மஞ்சளாகத் தூள் விழுந்தால் மகரந்தம் வருகிறது.

செம்மண் (தேவகோட்டை)

நல்ல சோதனை. ஒரு திருத்தம் மட்டும். தூள் விழுந்தால் மகரந்தம் இருக்கிறது என்று தெரியும், அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. மாடிப் பூவிலும் தூள் விழலாம்.

நேரமும் முக்கியம். விடியற்காலையில் பனி ஈரத்தில் மகரந்தம் கட்டிக்கொள்ளும், உதிராது. குளிர் மாதங்களில் பத்து மணிக்கு மேல் ஆட்டினால் சரி. இப்போதைய வெயிலுக்கு எட்டரை, ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் பூ கொட்டுவதற்கும் இந்த ஈரம்தான் காரணம்.

ஊருணிக்கரை (கானாடுகாத்தான்)

தண்ணீரை யாரும் தொடவில்லை. என் அனுபவம் அதில்தான். எங்கள் போர் தண்ணீர் உப்பு. பையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கும், கையால் தடவினால் மாவாக வரும். தக்காளி ஓரளவு உப்பைத் தாங்குகிற பயிர்தான். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸ் வரை இருந்தால் பெரிய நஷ்டம் இல்லை, அதற்கு மேல் விளைச்சல் இறங்கும். தரையில் வைத்த செடிக்கு மழை வந்தால் உப்பு கீழே இறங்கிவிடும். பையில் எங்கே போகும்? நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். காரநிலை ஏறினால் போரான், துத்தநாகம், இரும்பு எல்லாம் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. ஆக மாடிவாசி தம்பி சொன்ன போரான் குறைபாடு இப்படி வருவதற்கும் வாய்ப்பு உண்டு.

நான் செய்வது, மழைத் தண்ணீர். நம் பழைய வீடுகளில் நாலா பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தில்தான் வந்து கொட்டுகிறது. பாட்டன் காலத்தில் பெரிய அண்டாவை வைத்துப் பிடித்த தண்ணீர்தான் அது. மழைக்காலத்தில் பிடித்து மூடி வைத்தால் கொஞ்ச நாளைக்கு வரும். இல்லாவிட்டால் மாதம் ஒரு தடவை பைக்கு அடியில் வடியும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேளுங்கள், மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிப்பது பற்றி வழி சொல்வார்கள். கையில் பரிசோதனைத் தாளில்லாமல் நுண்ணூட்டம் வாங்கிக் கொட்டுவது வீண்செலவு.

வளவுக்காரி (கோட்டையூர்)

பை ஓரத்தில் வெள்ளைப் படிவு எங்களுக்கும் இருக்கிறது. சுண்ணாம்புத் தரையிலிருந்து ஒட்டியது என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு பேர் சொன்னதில் இப்போதைக்கு என்ன செய்வது என்று ஒருவர் சொல்லுங்களேன். தலை சுற்றுகிறது.

செம்மண் (தேவகோட்டை)

புண்ணாக்கை இன்றோடு நிறுத்துங்கள். பைகளை எல்லாம் கிணற்றடிக்குக் கொண்டுபோங்கள், காலை வெயில் விழுந்து பிற்பகல் நிழல் வருகிற வரிசையில். தூக்க முடியாத மாடிப் பைகளுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தளத்திலிருந்து உயர்த்துங்கள். மேலே நிழல்வலை கட்டுவதானால் தலைக்கு மேல் ஒரு முழம் விட்டு உயரமாகக் கட்டுங்கள், பக்கவாட்டில் மூடாதீர்கள், காற்று போக வேண்டும். கடையில் 50 சதவீத வலைதான் எடுத்து நீட்டுவார்கள், 35 கிடைத்தால் அதை வாங்குங்கள். சாயங்காலம் வலையைச் சுருட்டிவிட்டுத் தளத்தில் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்தால் சூடு சீக்கிரம் இறங்கும். மாடியில் படுக்கிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான்.

தண்ணீர் காலையில் முழுசாக, மாலையில் தொட்டுப் பார்த்துக் கொஞ்சம். ஒன்பது மணிக்குள் கொத்துகளை ஆட்டுங்கள். பக்கக் கிளைகளை வெயில் காலத்தில் ரொம்பக் கிள்ளாதீர்கள், காய்க்கு அந்த நிழல் வேண்டும்.

இத்தனையும் செய்தால் கிணற்றடி அளவுக்கு வரலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சித்திரை, வைகாசி வெண்டைக்கும் கொத்தவரைக்கும் உரிய மாதம். ஆவணிக் கடைசியில் விதை போட்டுப் புரட்டாசியில் நாற்றை மாற்றினால் மழை ஓய்கிற நேரத்தில் பூ வரும், மார்கழி, தையில் வீட்டுக்கு மீறிக் காய்க்கும். சந்தையில் தை மாதம் நாற்று விற்கிறார்கள் என்பதற்காக அது நடவுக் காலம் ஆகிவிடாது. தையில் நட்டால் பூ வருவதற்கும் வெயில் ஏறுவதற்கும் சரியாக இருக்கும்.

தறிக்காரர் (காரைக்குடி)

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாம், இத்தனை பதிவு மிஞ்சியிருக்கும் :)

புதுத்தோட்டம் (திருப்பத்தூர்)

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்குக் காய் நிற்கிறது, ஆனால் காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி காய்ந்துபோகிறது. இதுவும் வெயிலா?

பள்ளத்தூர் ஆச்சி

அது சுண்ணாம்புச் சத்து காய் நுனிவரை போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் தண்ணீரோடுதான் அது மேலே ஏற வேண்டும். ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் இப்படி ஆகும். முட்டை ஓட்டைப் போட்டுவிட்டு நாளைக்கே சரியாகும் என்று உட்காராதே, அது மக்கவே மாதக்கணக்கு ஆகும். தண்ணீரை ஒரே சீராக விடு. கறுத்த காயைக் கிள்ளி எறிந்துவிடு. மேற்கொண்டு கேட்பதானால் தனி இழை போடு, இங்கே குழப்பம் வேண்டாம்.

வளவுக்காரி (கோட்டையூர்)

எல்லோருக்கும் வணக்கம். சித்திரை பிறந்துவிட்டது, நிலவரம் சொல்கிறேன்.

வளவுப் பைகள் எல்லாம் கிணற்றடிக்குப் போய்விட்டன. மாடியில் பாதி கீழே வந்தது, பெரிய பைகள் மட்டும் செங்கல் மேல், வலைக்கு அடியில். புண்ணாக்கு நிறுத்தியதும் இலையின் கறுப்பு கொஞ்சம் தெளிந்தது. நடுவில் கோடை மழை இரண்டு மூன்று நாள் நல்லபடியாகப் பெய்தது, ராத்திரி விசிறியே போடவில்லை. மழைக்கு அடுத்த வாரமும் பூ கொட்டிக்கொண்டுதான் இருந்தது, நம்பிக்கை விட்டுவிட்டேன். அதற்கும் அடுத்து விரிந்த கொத்துகளில் காய் நின்றுவிட்டது! கிணற்றடியில் கொத்துக்கு இரண்டு மூன்று. மாடியில் மொத்தமே நான்கைந்துதான். மறுபடி வெயில் ஏறியதும் பூ கொட்ட ஆரம்பித்துவிட்டது.

மாமியார் செருப்பைக் கட்டியே விட்டார்கள். காய் அதனால்தான் என்கிறார்கள். நான் வாதாடவில்லை.

செம்மண் (தேவகோட்டை)

மழை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் விட்டு நின்றது பாருங்கள், அது மழைக் குளிர்ச்சியில் உருவான மகரந்தம். அந்தக் காய்களைப் பழுக்கவிட்டு, நல்லதாக இரண்டில் விதை எடுத்து வையுங்கள். ஆவணிக்கு ஆகும். கலப்பின நாற்றாக இருந்தால் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது, அதையும் நினைவில் வையுங்கள்.

வளவுக்காரி (கோட்டையூர்)

சரி அண்ணே. கடைசியாக ஒன்று. மாடி ஓரத்தில் ஒரு செடி மட்டும் இலையெல்லாம் சிறுத்து, மேல்பக்கமாகக் கிண்ணம் மாதிரி சுருண்டு, ஓரம் மஞ்சளாகி நிற்கிறது. கணுவெல்லாம் நெருங்கிக் குட்டையாகிவிட்டது. பூ வைக்கிறது, ஒன்றும் நிற்கவில்லை. தொட்டால் அடியிலிருந்து வெள்ளையாகப் பொடிப் பூச்சி பறக்கிறது. இதுவும் தழைச்சத்தா?

செம்மண் (தேவகோட்டை)

இல்லை. தழைச்சத்து மிஞ்சினால் இலை பெரிதாகி உள்பக்கம் முறுக்கும், இப்படிச் சிறுக்காது. இது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸ். வந்த செடிக்கு மருந்து கிடையாது, இனிமேல் அது காய்க்கப் போவதும் இல்லை. அடுத்த நடவுக்கு விதை வாங்கும்போது அர்கா ரக்ஷக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்து ரகம், இந்த வைரஸைத் தாங்கும்.

இப்போது அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு போய் உலுக்கினால் ஈ எல்லாம் பறந்து பக்கத்துச் செடியில் உட்கார்ந்துவிடும். விடிகாலையில், ஈ மந்தமாக இருக்கும் நேரத்தில், பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை மேலிருந்து கவிழ்த்து வாயை இறுக்கிக் கட்டிவிட்டு வேரோடு இழுங்கள். பையை அவிழ்க்காமல் வெயிலில் இரண்டு நாள் போட்டுவைத்து அப்புறம் செடியை மட்டும் எடுத்து எரித்துவிடலாம். மற்றச் செடிகளுக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி இலை உயரத்தில் தொங்கவிடுங்கள்.

வளவுக்காரி (கோட்டையூர்)

நாளைக் காலையிலேயே எடுத்துவிடுகிறேன். அட்டைக்குப் பழைய காலண்டர் ஒன்று மஞ்சளாகவே இருக்கிறது.